எது பால்நாரை, எது வண்ணநாரை?

(கேமரன் மலையின் கம்போங் ராஜாவில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரேசிலின் மேற்கெல்லையில் பந்தனால் என்ற சதுப்புநிலம் பரந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் பராகுவே ஆறு கரை புரண்டு புல்வெளிகளை மூடிவிடும். ஆழமில்லாத அந்த நீரில் நாலரை அடி உயரப் பறவை ஒன்று நடந்து திரியும். உடல், சிறகு, வால் எல்லாம் முழு வெள்ளை. தலையிலும் கழுத்திலும் இறகு கிடையாது, கறுத்த வெறுந்தோல்தான். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மட்டும் சிவப்பு வளையம் இருக்கும். பறவை சினந்தால் அது உப்பி இன்னும் சிவக்கும். அலகு கறுப்பு, ஏறத்தாழ ஓர் அடி நீளம், நுனிப்பக்கம் சற்றே மேல்நோக்கி வளைந்தது. சிறகை விரித்தால் முனைக்கு முனை இரண்டரை மீட்டர் வரும். அந்தப் பறவையின் பெயர் ஜபிரு.

இத்தனை அடையாளம் உள்ள பறவையை வேறொன்றாக எண்ண வழியே இல்லை என்று தோன்றும். ஆனால் ஜபிருவின் வரலாற்றில் ஆள்மாறாட்டம் முதல் ஏட்டிலேயே தொடங்கிவிட்டது. ஜார்ஜ் மார்க்கிரேவ் என்ற ஜெர்மானியர், பிரேசிலின் வடகிழக்கை டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில் அங்கே தங்கி, கண்ணில் பட்ட பறவை, மீன், செடி எல்லாவற்றையும் எழுதி வைத்தார். 1644இல் ஆப்பிரிக்காவில் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை யோஹானஸ் தெ லாத் தொகுத்து 1648இல் நூலாக வெளியிட்டார். அதில் ஜபிருவின் படமும் அதைவிடச் சிறிய வேறொரு நாரையின் படமும் இடம் மாறி அச்சாகிவிட்டன. பார்த்து எழுதியவர் உயிரோடு இல்லை. திருத்தச் சொல்ல ஆளில்லை. 1758இல் லின்னேயஸ் சூட்டிய மிக்டேரியா அமெரிக்கானா என்ற பெயர் இன்று அந்தச் சிறிய நாரைக்கே உரியது. ஜபிருவுக்குத் தனி அறிவியல் பெயர் கிடைக்க 1819 வரை ஆயிற்று.

குழப்பம் கடல் கடந்தும் போனது. ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறியவர்கள் அங்கே கறுத்த கழுத்தும் நீண்ட கறுத்த அலகும் கொண்ட ஒரு பெருநாரையைப் பார்த்து, தென்னமெரிக்கப் பறவையின் பெயரையே அதற்கும் வைத்தார்கள். காக்கடு தேசியப் பூங்காவுக்கு நடுவில் இருக்கும் ஜபிரு என்ற ஊரின் பெயரும் அப்படி வந்ததுதான். அந்த நாரை ஆசியாவிலும் உண்டு. இலங்கையின் யால காட்டில் மிக அரிதாகத் தென்படும். பெரும்பாலும் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே இருக்கும் நாரைக் குடும்பத்தில், இந்தப் பறவையிடம் கண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம்: பெண்ணுக்கு விழி மஞ்சள், ஆணுக்கு விழி கரும்பழுப்பு.

பிரேசில் சதுப்புநிலத்தின் கதை பகாங் மலைமேல் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். படம் மாறிப்போன அந்தச் சிறிய நாரையின் உறவுக்காரர்கள் இங்கிருந்து அரை நாள் பயணத்தில் இருக்கிறார்கள் என்பதே காரணம். மிக்டேரியா இனக்குழுவில் உலகம் முழுவதற்கும் நான்கே வகைகள். ஒன்று அமெரிக்கக் கண்டத்தில், ஒன்று ஆப்பிரிக்காவில். ஆசியாவில் இரண்டு: தமிழ்நாட்டு ஏரிகளில் கூடு கட்டும் வண்ணநாரை, பேராக் கடற்கரையின் சேற்றில் இரை தேடும் பால்நாரை. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் போனால், மலேசியாவில் பால்நாரை என்ற உயிரே இல்லாமல் போகக்கூடும். இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

முதலில் கொக்கையும் நாரையையும் பிரிப்போம். தோட்டத்துப் பேச்சில் நீண்ட கால், நீண்ட கழுத்து உள்ள எல்லாமே கொக்குதான். அதில் தவறு எதுவும் இல்லை; அன்றாடப் பேச்சுக்கு அது போதும். ஆனால் சிம்பாங் பூலாய் சாலையில் இறங்கி பத்து காஜா பக்கம் போகிறவர்கள், பழைய ஈயக் குட்டைகளால் ஆன கிந்தா இயற்கைப் பூங்காவில் ஒரு காலை நேரம் நின்று பார்க்கலாம். அங்கே செந்நாரைகளும் சாம்பல் நாரைகளும் வெள்ளைக் கொக்குகளும் நூற்றுக்கணக்கில் கூடு கட்டுகின்றன. பெயரில் நாரை என்று இருந்தாலும் செந்நாரையும் சாம்பல் நாரையும் கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பறக்கும்போது இவை கழுத்தை மடித்துத் தோளுக்குள் இழுத்துக்கொள்ளும். உண்மையான நாரைகள் கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டே பறக்கும். வானத்தில் புள்ளியாகத் தெரியும் தூரத்திலும் இந்த ஒரு வேறுபாடு கண்ணுக்குப் பிடிபடும். இரை தேடும் முறையும் வேறு. கொக்கு அசையாமல் காத்திருந்து குத்தும். மிக்டேரியா நாரைகள் நடந்துகொண்டே அலகை நீருக்குள் திறந்து வைத்து, ஒரு காலால் சேற்றைக் கலக்கும். ஒதுங்கி ஓடும் மீன் அலகில் பட்டதும் அலகு மூடிக்கொள்ளும். அமெரிக்க நாரையை வைத்து 1960களில் பிலிப் கால் என்ற ஆய்வாளர் அளந்தபோது, அப்படி மூடுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது. கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலை இல்லாததால், தொடு உணர்ச்சியைக் கொண்டே வாழும் பறவை அது.

பேராக் கடற்கரையில் பால்நாரை அல்லாத நாரைகளும் உண்டு. மாத்தாங் சதுப்புக்காட்டில் மலாய்க்காரர்கள் போத்தாக் என்று அழைக்கும் பெருநாரை இருக்கிறது. முதுகும் சிறகும் கறுப்பு, வயிறு வெள்ளை, தலை மொட்டை, அலகு மரத்தடி மாதிரி தடிப்பு. அதைப் பால்நாரையோடு யாரும் குழப்பிக்கொள்வதில்லை. குழப்பம் தருவது நத்தைக்குத்தி நாரை. 2010களிலிருந்து தாய்லாந்துப் பக்கத்திலிருந்து இது கூட்டம் கூட்டமாகத் தெற்கே வரத் தொடங்கியது. 2019 டிசம்பரில் சிங்கப்பூர் வானத்திலேயே பெருங்கூட்டமாக வட்டமிட்டது. அழுக்கு வெள்ளை உடலும் கறுத்த சிறகுமாகத் தூரத்தில் பார்த்தால் பால்நாரை என்றே தோன்றும். அருகில் வந்தால் அலகின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் நடுவே ஒளி புகும் இடைவெளி தெரியும். இளம் பறவைக்கு அந்த இடைவெளி இருக்காது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த நத்தைக்குத்தி விஷயத்தில் தென்னமெரிக்காவுக்கு இன்னொரு தொடர்பு உண்டு. கெரியான் நெல்வயல்களில் தண்டுதண்டாக இளஞ்சிவப்பு முட்டை இட்டுவைக்கும் தங்க நத்தை தென்னமெரிக்க உயிரினம். 1990களின் தொடக்கத்தில் மலேசியாவுக்குள் புகுந்து நாற்றுகளைத் தின்று தீர்த்தது. தாய்மண்ணில் அதைப் பிடித்துத் தின்ன லிம்ப்கின் என்ற நீண்டகால் சதுப்புப் பறவையும், வளைந்த மூக்குடைய நத்தைப் பருந்தும் இருக்கின்றன. இங்கே அந்த வேலைக்கு நத்தைக்குத்தி நாரை வந்து சேர்ந்திருக்கிறது. நெல் விவசாயிகள் அதை விரட்டாமல் விட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இனி பால்நாரைக்கு வருவோம். மூன்றடிக்கு மேல் உயரம். உடல் வெள்ளை, இனப்பெருக்கக் காலத்தில் அந்த வெள்ளையில் மெல்லிய பாலாடை நிறம் ஏறும். சிறகின் ஓரமும் வாலும் கறுப்பு. முகத்தில் இறகில்லாத சிவந்த தோல். அலகு மஞ்சள், நீளமானது, நுனியில் சற்றே கீழ்நோக்கி வளைந்தது. ஜபிருவின் அலகு மேலே வளையும், இதன் அலகு கீழே வளையும். மலேசியா, இந்தோனேசியா, கம்போடியா ஆகிய மூன்று நாடுகளோடு இதன் உலகம் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. சுமத்ராவின் கிழக்குக் கரையிலும் ஜகார்த்தாவுக்கு எதிரே ராம்புட் தீவிலும் கூட்டமாகக் கூடு கட்டியது. மலேசியத் தீபகற்பத்தில் இதன் கடைசி இருப்பிடம் கோலா குலா பகுதியும் அதை ஒட்டிய கெலும்பாங் தீவும்.

இவை அடங்கிய மாத்தாங் சதுப்புக்காடு சுமார் 40,000 ஹெக்டர். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, முப்பது ஆண்டுச் சுழற்சியில் மரம் வெட்டி, மீண்டும் நட்டு, கரிச்சூளைகளுக்கு அனுப்பும் முறை அங்கே நடந்துவருகிறது. உலகத்தில் நன்றாகப் பராமரிக்கப்படும் சதுப்புக்காடுகளில் ஒன்று என்று அதைப் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டு நியாயமானதே. ஆனாலும் பெருநாரைகளுக்குக் கூடு கட்ட முதிர்ந்து ஓங்கிய மரம் வேண்டும். இரைக்கு ஆள் நடமாட்டமில்லாத சேற்றுத் திட்டு வேண்டும். கரையோரம் இறால் குளங்கள் வந்தன, சேற்றில் கெராங் சிப்பி வளர்ப்புப் பெருகியது, படகுகள் கூடின. 1980களின் நடுப்பகுதியில் நூற்றுக்கு மேல் எண்ணப்பட்ட பால்நாரைகள், 2000களின் நடுவில் பத்துக்கும் கீழே இறங்கிவிட்டன. 2013இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலுக்கு உயர்த்தியது.

இந்தச் சரிவைத் தடுக்க முயற்சி நடக்காமல் இல்லை. உலு கிளாங்கில் 1963இல் திறக்கப்பட்ட ஜூ நெகாரா மிருகக்காட்சிசாலையில் பால்நாரைகளை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். பின்னர் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானும் ஜூ நெகாராவும் சேர்ந்து, அப்படி வளர்ந்த பறவைகளைக் கோலா குலாவுக்குக் கொண்டுபோய், பெரிய கூண்டில் பழக்கி வெளியே விட்டார்கள். கோலா சிலாங்கூரிலும் இதே முயற்சி நடந்தது. காட்டிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்ட பறவையை மனிதக் கையால் மீண்டும் காட்டுக்குத் திருப்புவது எளிய காரியம் இல்லை. சேற்றில் துளைக்குள் ஒளியும் பெலாச்சாக் மீனை அலகு நுழைத்து இழுக்கக் கற்றுக்கொள்ளாத வளர்ப்புப் பறவை, தட்டில் மீன் வரும் என்று காத்திருந்தே மெலிந்துவிடும்.

இங்கேதான் வண்ணநாரை கதைக்குள் வருகிறது.

வண்ணநாரையைத் தமிழ்நாட்டில் மஞ்சள் மூக்கு நாரை என்றும் சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் நாங்குநேரிக்குப் பக்கத்திலுள்ள கூந்தன்குளத்துக்குப் போனவர்கள் இதை மறக்க மாட்டார்கள். குளத்துக் கருவேல மரங்களில் இடம் போதாமல், ஊருக்குள் வீட்டுப் புழக்கடை மரங்களிலும் இது கூடு கட்டும். ஊர்க்காரர்கள் எச்சத்தையும் நாற்றத்தையும் இரைச்சலையும் பொறுத்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். பறவை வந்தால் மழை நன்றாக இருக்கும், விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி என்ற பறவைக் காவலரைப் பத்திரிகைகள் பலமுறை எழுதியிருக்கின்றன. 1994இல் அந்தக் குளம் அரசாங்கச் சரணாலயமானது. செங்கல்பட்டுக்குத் தெற்கே வேடந்தாங்கலில் பாதுகாப்பு இதைவிடப் பழையது. ஏரிக்குள் சிப்பாய்கள் பறவை சுடுவதைத் தடுக்க வேண்டும் என்று ஊர்மக்கள் முறையிட்டு, ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் தந்தார்.

அந்தப் பறவையின் அடையாளங்களைக் கவனமாகக் கேளுங்கள். பால்நாரையைப் போலவே மஞ்சள் அலகு, இறகில்லா முகம், வெள்ளை உடல். அளவும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மார்பின் குறுக்கே கறுப்பும் வெள்ளையும் கலந்த பட்டை ஓடும். சிறகின் மேல்பக்கம் கறுப்பில் வெள்ளை வரி வரியாக இருக்கும். உட்காரும்போது வாலை மூடியபடி தொங்கும் உட்சிறகு இறகுகளில் அழகான இளஞ்சிவப்பு தெரியும். பறக்கும்போது அண்ணாந்து பார்த்தால் வண்ணநாரையின் சிறகடி பெரும்பாலும் கருமையாக இருக்கும். பால்நாரைக்கு முன்பாதி வெள்ளை, பின்பாதி கறுப்பு என்று தெளிவாகப் பிரிந்து தெரியும்.

ஜூ நெகாராவின் ஏரியைச் சுற்றி இரண்டு வகை நாரைகளும் கூண்டில்லாமல் திறந்தவெளியில் வாழ்ந்தன. சிங்கப்பூரிலும் பறவைக் காட்சியகத்திலிருந்தும் மிருகக்காட்சிசாலையிலிருந்தும் இரண்டும் வெளியே பறந்தன. காட்டில் இவை சந்திக்கும் இடம் மிகக் குறைவு. கம்போடியாவின் தோன்லே சாப் ஏரிப் பக்கம் சந்திப்பதுண்டு. மனிதர்கள் அவற்றை ஒரே ஏரிக்கரையில் வைத்தார்கள். அவை இணை சேர்ந்தன, குஞ்சு பொரித்தன. அந்தக் குஞ்சுகள் மலடாகவும் இல்லை. கலப்புப் பறவை மீண்டும் பால்நாரையோடு சேர்ந்தால் அதன் குஞ்சு இன்னும் பால்நாரையைப் போலவே இருக்கும். சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் இப்படிப்பட்ட கலப்புப் பறவைகள் பழக்கமான காட்சியாகிவிட்டன. 2019இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் மரபணுத் தொகுதியை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, வண்ணநாரையின் மரபு பால்நாரைக்குள் கசிந்துகொண்டிருப்பதை உறுதி செய்தது.

இது ஏன் கவலைக்குரியது? வண்ணநாரை இந்தியாவிலும் இலங்கையிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. பால்நாரை உலகம் முழுவதும் சில ஆயிரங்களைத் தாண்டாது. பெரிய கூட்டமும் சிறிய கூட்டமும் கலந்தால் கரைந்துபோவது சிறியதுதான். மாத்தாங்கில் பத்துப் பறவைகூட மிஞ்சாத இடத்தில், பால்நாரை என்று நம்பிக் கலப்புப் பறவைகளைக் கொண்டுவந்து விட்டால், காப்பாற்றப் போனவர்களே கலப்பைக் காட்டுக்குள் கொண்டுசேர்த்தவர்கள் ஆவார்கள். ஆகவே வளர்ப்பு மையங்களில் ஒவ்வொரு பறவையையும் மரபணுச் சோதனை செய்து பிரித்து வைக்க வேண்டும். இரண்டு வகைகளையும் ஒரே ஏரியில் திறந்துவிடும் பழக்கத்தை எந்தக் காட்சியகமும் தொடரக்கூடாது. பார்வையாளர்களுக்கு அழகாக இருக்கிறது என்பது ஓர் இனத்தை இழப்பதற்குப் போதிய காரணம் ஆகாது.

மரபணுச் சோதனை ஆய்வகத்தின் வேலை. வெளியில் இருப்பவர்களால் ஆகக்கூடியதும் நிறைய உண்டு. தூய பால்நாரைக்கு மார்பில் ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது. உட்சிறகு இறகுகளில் துளி இளஞ்சிவப்பு தெரிந்தாலும், சிறகின் மேல்பக்கத்தில் சாம்பல் நிறக் கீற்று ஓடினாலும், மார்பில் மங்கலான பட்டை இருந்தாலும் அது கலப்பு என்று ஐயப்பட வேண்டும். முகத் தோலையும் பார்க்க வேண்டும். பால்நாரைக்கு முகம் சிவப்பு, கூடு கட்டும் காலத்தில் ஆழ்ந்த சிவப்பு. வண்ணநாரைக்கு ஆரஞ்சு. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் நிறம் கலப்பைக் காட்டும்.

காலின் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. நாரைகள் வெயிலில் தம் கால்மேலேயே எச்சமிட்டு அது உலரும்போது உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும். வெயில் ஏற ஏறச் சிவந்த கால் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துவிடும். சத்திமுத்தப் புலவரின் புகழ்பெற்ற பாட்டில் தூது போகும் நாரையை அதன் காலின் சிவப்பாலும் அலகின் நிறத்தாலும் வடிவத்தாலும் அடையாளம் கண்டு, ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடு கட்டிக் குளிர்காலத்தில் தென்னிந்தியா வரும் செங்கால் நாரை என்று பறவை நோக்கர்கள் கொள்கிறார்கள். ஏழைப் புலவர் குளிரில் நடுங்கியபடி பார்த்த பறவை என்பதால் அந்தக் கால் சிவப்பாகவே தெரிந்திருக்கிறது. ஆப்பிரிக்க வெயிலில் அதே நாரையின் கால் வெள்ளையாக இருக்கும். புலவரின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இளம் பறவைகள்தான் உண்மையான சிக்கல். இளம் பால்நாரையும் இளம் வண்ணநாரையும் சாம்பல் கலந்த பழுப்பு நிறத்தில் இருக்கும். தலையிலும் கழுத்திலும் மெல்லிய இறகு மூடியிருக்கும். வயதாக ஆகத்தான் அந்த இறகு உதிர்ந்து முகத்தோல் வெளியே வரும், மார்புப் பட்டையும் சிறகு வரியும் தெளியும். இளம் பறவையைப் பார்த்து உடனே பெயர் சொல்லிவிடுகிறவரைவிட, இளம் பறவை என்று மட்டும் எழுதி வைப்பவரின் குறிப்பே ஆய்வாளருக்குப் பயன்படும்.

கேமரன் மலையில் இந்த நாரைகள் எதுவும் வருவதில்லை. குளிர்ந்த தேயிலைச் சரிவும் காய்கறிக் கூடாரங்களும் அவற்றுக்கு உதவாது. ஆனால் கம்போங் ராஜா பக்கத்துக் குடும்பங்களுக்குப் பேராக்கில் உறவுகள் உண்டு. கல்யாணம், திருவிழா, பள்ளி விடுமுறை என்று ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் இறங்கிப் போகிறார்கள். தைப்பிங் தாண்டி செமாங்கோல் வழியாகக் கோலா குலா போய்விடலாம். கடல் நீர் வற்றும் நேரத்தை விசாரித்துக்கொண்டு போவது முக்கியம். நீர் ஏறியிருந்தால் சேற்றுத் திட்டு மூழ்கிப் பறவைகள் உள்ளே மரங்களுக்குப் போய்விடும். வற்றும்போது படகில் மெதுவாகப் போனால் கொக்குகளுக்கு நடுவே உயரமாக நிற்பவை கண்ணில் படும். கூடு கட்டும் மரங்களுக்குப் பக்கத்தில் படகைக் கொண்டுபோகச் சொல்லக்கூடாது. பயந்த தாய்ப்பறவை எழுந்து பறந்தால் வெயில் நேராக முட்டையில் விழும்.

இன்று எல்லார் கையிலும் கேமரா உள்ள கைத்தொலைபேசி இருக்கிறது. பறவை கிடைத்தால் முகத்தின் பக்கவாட்டுப் படம் ஒன்று, மார்பு தெரியும்படி ஒன்று, உட்காரும்போது வாலை மூடும் இறகுகள் தெரியும்படி ஒன்று, முடிந்தால் சிறகு விரித்துப் பறக்கும்போது ஒன்று எடுக்க வேண்டும். காலில் வளையம் இருந்தால் அதன் நிறத்தையும் எந்தக் காலில் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். வளையம் இருந்தால் அது மனிதர் கைபட்ட பறவை. அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, எவ்வளவு தூரம் போகிறது என்பதை அந்த ஒரு குறிப்பு சொல்லிவிடும். நாளும் நேரமும் இடமும் சேர்த்து எழுதி, பெர்ஹிலித்தானுக்கோ மலேசிய இயற்கைச் சங்கத்துக்கோ அனுப்பலாம். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. மார்பில் பட்டை இருக்கிறதா, உட்சிறகில் சிவப்பு இருக்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் போதும்.